கண்ணுக்குத் தெரியாத கதிருக்குச் சுவர் எழுப்பிய கதை



இந்தக் கட்டுரைக்கு வித்திட்டவன் நான்காம் ஆண்டில் பயிலும் என் மாணவன் ஒருவன். விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சியில் விழுந்து மணிக்கட்டில் அடிபட்டு, மாவுக்கட்டுடன் வகுப்பிற்கு வந்திருந்தான். அறிவியல் பாட வேளையில் நல்ல கையை உயர்த்தினான்.

“டீச்சர், எக்ஸ்ரே எடுக்கும்போது அந்த அக்கா மட்டும் ஏன் சுவத்துக்குப் பின்னால போயிட்டாங்க? அம்மா என் பக்கத்துலயே நின்னாங்களே?”

மறுநாள் காலை அவனுடைய தாயார் பள்ளி வாயிலில் எனக்காகக் காத்திருந்தார். மகன் வீட்டில் வந்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறான். அவருக்கு அப்பொழுது ஐந்து மாதம். பிள்ளை பயந்து அழுததால் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறார். கருவுற்றிருக்கிறீர்களா என்று அந்த மருந்தகத்தில் யாரும் கேட்கவில்லை. காப்புடை எதுவும் தரவில்லை. “டீச்சர், வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமா?” என்று கேட்டபோது அவர் குரல் நடுங்கியது.

எனக்கு விடை தெரியவில்லை. மருத்துவரிடம் கேளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இருபது ஆண்டுகளாக அறிவியல் கற்பிக்கிறேன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்தபோது ‘கதிர்வீச்சு’ என்ற சொல்லை எழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். ஆனால், அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது, அதை யார் கண்டுபிடித்தார்கள், அது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அந்த வெட்கத்தினால் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் பாதி நம் பேராக் மாநிலத்தின் கதையாகவே இருந்தது.

சுவர் இல்லாத காலம்

செருமானிய அறிவியலாளர் ரோன்ட்கன் 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த மாதமே தம் துணைவியாரின் கை எலும்பைப் படம் பிடித்துக் காட்டினார். உலகம் வியந்தது, யாரும் அஞ்சவில்லை. அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாரன்ஸ் டாலி, எக்ஸ் கதிர்க் குழாய் சரியாக வேலை செய்கிறதா என்பதைத் தம் கையையே நீட்டிச் சோதித்து வந்தார். முதலில் தோல் புண்ணாயிற்று. பிறகு புற்றுநோய் வந்தது. கைகளை வெட்ட வேண்டியதாயிற்று. 1904இல் அவர் இறந்தார். எடிசன் அந்த ஆய்வையே கைவிட்டார்.

டாலியைப் போல் எத்தனையோ மருத்துவர்களும் தாதியரும் மாண்டனர். அவர்களின் நினைவாக 1936இல் செருமனியின் ஹம்பர்க் நகரில் ஒரு நினைவுக்கல் எழுப்பப்பட்டது. இதற்கிடையே, 1928இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய மருத்துவ அறிஞர்கள் எக்ஸ் கதிர், ரேடியம் ஆகியவற்றிலிருந்து காத்துக்கொள்வதற்கான பன்னாட்டுக் குழுவை அமைத்தனர். எந்தக் கதிருக்கு எவ்வளவு தடிமனில் காரீயத் தகடு வேண்டும் என்ற பரிந்துரை அதன்பின் வந்தது. என் மாணவன் பார்த்த சுவர் அங்கிருந்து வந்ததுதான்.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. பேராக்கில் நாம் ‘ஈயம்’ என்றால், கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த வெள்ளீயத்தையே நினைப்போம். எக்ஸ்ரே அறையின் சுவரிலும் கதவிலும் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு தனிமங்கள். மாணவர்களுக்குச் சொல்லும்போது இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவது நல்லது.

காமாக் கதிருக்குக் கனமே காவல்

1900ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பால் வில்லார்ட் ரேடியத்திலிருந்து வெளிப்படும் மற்றொரு கதிரைக் கண்டார். அது மருத்துவ எக்ஸ் கதிரினும் ஆற்றல் மிக்கது. மெல்லிய காரீயத் தகட்டையும் ஊடுருவியது. அதற்குக் காமா என்று பெயர் வைத்தவர் ரதர்போர்டு.

காமா ஓர் ஒளி போன்றது. அது பொருளிலுள்ள எலக்ட்ரான்களோடு மோதித்தான் ஆற்றலை இழக்கும். ஆகவே, ஒரே இடத்தில் எலக்ட்ரான்கள் நெருங்கிச் செறிந்திருக்கும் கனமான பொருள் அதனை நன்கு தடுக்கும். தண்ணீரைவிட 11 மடங்குக்கு மேல் அடர்த்தியுள்ள காரீயம் இதற்கு ஏற்றது. மருத்துவத்தில் பயன்படும் கோபால்ட் 60 என்னும் பொருளின் காமாக் கதிரைப் பாதியாகக் குறைக்க ஏறத்தாழ 1.2 சென்டிமீட்டர் காரீயம் போதும். கான்கிரீட்டானால் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் வேண்டும்.

‘பாதியாக’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டுகிறேன். அடுத்த 1.2 சென்டிமீட்டர் மீதிப் பாதியைப் பாதியாக்கும். பத்து அடுக்கு வைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சும். முற்றிலும் பூச்சியமாக்கும் சுவர் என்று ஒன்று இல்லை. எவ்வளவு மிஞ்சலாம் என்பதை மனிதர்கள் கூடி முடிவு செய்து, அதற்கேற்ற தடிமனில் சுவரைக் கட்டுகிறார்கள். வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்துப் பாதி பாதியாகக் கிழிக்கச் சொல்லுங்கள். நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கும் இது விளங்கிவிடும்.

காரீயத்திலேயே பெரிய கட்டடத்தை எழுப்ப முடியாது. விலை கூடியது, நச்சுத்தன்மையும் உடையது. எனவே, பொறியாளர்கள் கான்கிரீட்டைக் கனமாக்கினர். சரளைக் கல்லுக்குப் பதிலாக பேரைட், மேக்னடைட், இல்மனைட் போன்ற கனமான தாதுக் கற்களைக் கலந்தனர். இல்மனைட் என்ற பெயர் நம் வட்டாரத்துப் பெரியவர்களுக்குப் புதிதன்று. ஈயம் அலசி எடுத்த பின் எஞ்சும் கருமணலை ‘அமாங்’ என்போம் அல்லவா? அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் தாதுக்களில் இல்மனைட்டும் ஒன்று. அதே அமாங்கில் மோனசைட் என்ற இன்னொரு தாதுவும் உண்டு. அதற்குள் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. கதிரைத் தடுக்கும் தாதுவும் கதிரை வீசும் தாதுவும் ஒரே மணற்குவியலில் கலந்து கிடந்தது நம் கிந்தா மண்ணில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவேன்.

நியூட்ரானுக்கு இலேசானதே காவல்

1932இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். அதற்கு மின்னூட்டம் கிடையாது. எலக்ட்ரான்களை அது பொருட்படுத்துவதே இல்லை. நேரே அணுக்கருவின்மீது போய் மோதும். இதனால் காமாவுக்குக் கட்டிய காரீயச் சுவர் நியூட்ரானிடம் தோற்றுப்போகிறது.

ஏன் என்பதற்குக் கேரம் பலகை விளக்கம் தரும். ஸ்டிரைக்கரைப் பலகையின் ஓரச் சட்டத்தில் அடித்தால் ஏறத்தாழ அதே வேகத்தில் திரும்பி வரும். இன்னொரு ஸ்டிரைக்கரை வைத்து அதன்மேல் நேராக அடித்தால், அடித்தது நின்றுவிடும், அடிபட்டது ஓடும். சம எடை கொண்டது மட்டுமே வேகத்தை முழுமையாக வாங்கிக்கொள்ளும். காரீயத்தின் அணுக்கரு நியூட்ரானுக்கு ஓரச் சட்டம் போன்றது. ஏறக்குறைய நியூட்ரானின் எடையே கொண்டது ஹைட்ரஜன் அணுக்கரு. அணுப்பிளவில் பிறக்கும் விரைவான நியூட்ரானை ஓயவைக்க ஹைட்ரஜனுடன் சராசரியாக 18 மோதல்கள் போதும். கரிமத்துடன் ஏறத்தாழ 115 வேண்டும். காரீயத்துடனோ 1,900 வரை ஆகும்.

ஆகவே, நியூட்ரானுக்குரிய சுவர் தண்ணீர், மெழுகு, மரம், நெகிழி போன்ற ஹைட்ரஜன் மிகுந்த இலேசான பொருள்களால் அமைகிறது. ஓய்ந்த நியூட்ரானைப் பிடித்து விழுங்கப் போரான் என்ற தனிமம் வேண்டும். பொற்கொல்லர்கள் பற்றவைப்பதற்குப் பயன்படுத்தும் வெண்காரத்தில் இருப்பது இதுவே. இயற்கைப் போரானில் ஐந்தில் ஒரு பங்கு போரான் 10 என்னும் வகை. ஓய்ந்த நியூட்ரானை விழுங்குவதில் அது பெரும்பசிக்காரன்.

கதை இத்துடன் முடியவில்லை. ஹைட்ரஜனோ போரானோ நியூட்ரானை விழுங்கும்போது புதிதாகக் காமாக் கதிர் பிறக்கிறது. அதைத் தடுக்க மீண்டும் கனமான சுவர் வேண்டும். எனவேதான் இரண்டையும் அடுக்கடுக்காக வைக்கும் முறை உருவாயிற்று.

1942 டிசம்பர் 2ஆம் நாள் சிகாகோவில் இயங்கிய முதல் அணு உலைக்குத் தடுப்புச் சுவரே இல்லை. அவ்வளவு குறைந்த ஆற்றலில் ஓட்டினார்கள். 1943 நவம்பரில் ஓக் ரிட்ஜ் என்னுமிடத்தில் இயங்கத் தொடங்கிய உலையைச் சுற்றி 7 அடி தடிமனில் கான்கிரீட் எழுப்பினர். 1944இல் ஹான்ஃபோர்டில் எழுந்த பேருலையில் எஃகுத் தகடு ஒன்று, மேசனைட் எனப்படும் அழுத்திய மரநார்ப் பலகை ஒன்று என மாறி மாறி அடுக்கினர். எஃகு காமாவுக்கு, மரம் நியூட்ரானுக்கு. உலகின் ஆற்றல்மிக்க உலைக்கு அருகில் நின்றவர்களின் உயிரைக் காத்தவற்றில் மரநாரும் ஒன்று என்பதைப் படித்தபோது நான் நம்பவில்லை. மேலும் இரண்டு நூல்களைப் பார்த்த பிறகே நம்பினேன்.

1982: ஒரு தொட்டியும் ஓர் ஆலையும்

நம் ஊர்க்காரர்களுக்கு 1982 மறக்க முடியாத ஆண்டு. தெலுக் அன்சன் என்ற பழைய பெயர் நீங்கித் தெலுக் இந்தான் என்ற பெயரை நம் நகரம் பெற்றது அவ்வாண்டில்தான்.

அதே 1982 ஜூன் 28ஆம் நாள், சிலாங்கூரின் பாங்கியில் மலேசியாவின் முதல் ஆய்வு அணு உலை இயங்கத் தொடங்கியது. 1 மெகாவாட் திறன் கொண்ட அவ்வுலை ஒரு நீர்த்தொட்டியின் அடியில் இருக்கிறது. நம் சாய்ந்த கோபுரம் 1885இல் கட்டப்பட்டபோது அதன் வேலை ஊருக்குத் தண்ணீரைத் தேக்கி வைப்பது. பாங்கியின் தொட்டியில் தேங்கி நிற்கும் நீருக்கு வெப்பத்தைத் தணிப்பதோடு நியூட்ரானையும் காமாவையும் தடுக்கும் வேலையும் உண்டு. தொட்டியைச் சுற்றிலும் தடித்த கான்கிரீட். மேலிருந்து எட்டிப் பார்ப்பவர் அடியில் நீல ஒளியைக் காணலாம். பார்ப்பவருக்கும் உலைக்கும் இடையே நிற்பது பல மீட்டர் ஆழமுள்ள தெளிந்த நீர்.

அதே ஆண்டில்தான் ஈப்போவுக்கு அருகே, லஹாட் பக்கம், புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் என்னும் ஆலை இயங்கத் தொடங்கியது. சப்பானிய நிறுவனமான மிட்சுபிஷி அதில் பங்காளி. அமாங்கில் கிடைத்த மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுப்பது அதன் தொழில். வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அவை தேவைப்பட்டன. பிரித்த பின் எஞ்சியது தோரியக் கழிவு.

தோரியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். அது சிதையும் வரிசையில் தாலியம் 208 என்ற அணு பிறக்கிறது. அது வீசும் காமாக் கதிர் இயற்கையில் காணப்படும் காமாக் கதிர்களில் மிகவும் ஆற்றல் வாய்ந்தவற்றுள் ஒன்று. அதே வரிசையில் தோரான் என்ற கதிரியக்க வாயுவும் கசியும். ஆகவே, இந்தக் கழிவுக்குத் தடித்த சுவரும் வேண்டும். வாயு கசியாத மூடியும் வேண்டும். இவை அனைத்தும் 1982க்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பாடநூல்களில் எழுதப்பட்டுவிட்டன.

புக்கிட் மேராவில் ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்தனர். கழிவை எங்கே வைப்பது என்பதற்கு முறையான ஏற்பாடு அமைவதற்கு முன்பே ஆலை ஓடத் தொடங்கியிருந்தது. அருகிலுள்ள பாப்பானில் கழிவுக் கிடங்கிற்காகக் குழி வெட்டப்படுவதை அறிந்து 1984இல் அவ்வூர் மக்கள் திரண்டு எதிர்த்தனர். அவ்வாண்டு டிசம்பரில் சப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் சடாவ் இச்சிகாவா அளவுக்கருவியுடன் வந்தார். ஆலையை ஒட்டிய திறந்த வெளியில் அனுமதிக்கப்பட்ட அளவைவிட 800 மடங்கு வரை கதிர்வீச்சு இருப்பதாக அறிவித்தார்.

பாங்கியில் நீரும் கான்கிரீட்டும். புக்கிட் மேராவில் திறந்த வெளி. ஒரே நாடு, ஒரே காலம்.

1985 அக்டோபர்: ஈப்போவும் கல்பாக்கமும்

1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் எண்மர், ஊரார் சார்பில் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள், போதிய பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்படும்வரை ஆலை இயங்கக்கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது.

அந்தத் தடைக்கு நான்காம் நாள், அக்டோபர் 18ஆம் நாள், தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் இந்தியாவின் முதல் வேக ஈனுலை இயங்கத் தொடங்கியது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால், தோரியத்தின் இரு முகங்களை இவற்றில் காணலாம். இங்கே அது கழிவு. அங்கேயோ, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் உள்ள அதே மோனசைட்டின் தோரியத்தை ஒருநாள் எரிபொருளாக்க வேண்டும் என்னும் நெடுநாள் திட்டத்தின் ஒரு படி.

கல்பாக்கத்தில் தடுப்புப் பொருள் ஆய்வு ஏன் தேவைப்பட்டது? வேக ஈனுலையில் வெப்பத்தைக் கொண்டு செல்வது உருகிய சோடியம். சோடியமும் தண்ணீரும் சேர்ந்தால் தீப்பிடிக்கும் என்பதை இடைநிலைப்பள்ளி மாணவரும் அறிவர். எனவே, உலைக்கலனுக்குள் நியூட்ரானைத் தடுக்கத் தண்ணீரையோ மெழுகையோ வைக்க முடியாது. ஆனால், தடுக்காமலும் விட முடியாது. நியூட்ரான் பட்ட சோடியம் தானே கதிரியக்கம் உடையதாகிவிடும். ஆகவே, எஃகுத் தண்டுகளையும் போரான் கார்பைடையும் உலைக்கருவைச் சுற்றி நிறுத்துவார்கள். எஃகு நிறைய இடத்தைப் பிடிக்கும். போரான் கார்பைடு விலை மிகுந்தது.

கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய அறிவியலாளர்கள் எஃகுத் தொழிலில் ஏற்கெனவே புழங்கும் ஓர் உலோகக் கலவையைத் தேர்ந்தெடுத்தனர். அதன் பெயர் ஃபெரோபோரான். இரும்பும் போரானும் சேர்ந்தது. போரான் நியூட்ரானை விழுங்கும், இரும்பு காமாவைத் தணிக்கும், விலையும் குறைவு. அதனைக் காமினி என்ற சிற்றுலையின் நியூட்ரான்களைக் கொண்டு சோதித்தனர். ‘கல்பாக்கம் மினி’ என்பதன் சுருக்கமே காமினி. 1996 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய இவ்வுலையின் எரிபொருள், தோரியத்திலிருந்து பெறப்படும் யுரேனியம் 233. தோரியத்தின் வழிவந்த எரிபொருள் வீசும் நியூட்ரானைக் கொண்டே நியூட்ரானைத் தடுக்கும் பொருளைச் சோதித்திருக்கிறார்கள்.

அணு உலைகள் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. தமிழகத்திலும் அதைப்பற்றிக் கடுமையான கருத்து வேறுபாடுகள் உண்டு. நான் சொல்ல வருவது இவ்வளவே: அங்கே உலையோடு உலையாகச் சுவருக்கும் ஆராய்ச்சி நடந்தது.

மலையே சுவராக

ஈப்போ வழக்கு நீண்டது. அணுசக்தி உரிம வாரியத்தின் உரிமத்துடன் 1987இல் ஆலை மீண்டும் ஓடியது. 1992 ஜூலை 11ஆம் நாள் உயர்நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆயினும், 1994 ஜனவரியில் ஆலையை மூடிவிடுவதாக நிறுவனமே அறிவித்தது. ஊரில் பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்ததற்கு ஆலையே காரணம் என்று மக்கள் முறையிட்டனர். நிறுவனம் அதனை ஏற்கவில்லை. மருத்துவமும் சட்டமும் விவாதித்த அந்தக் கேள்விக்கு நான் தீர்ப்புச் சொல்ல இயலாது. பிள்ளைகளை இழந்த தாய்மார்களின் முகங்களை மட்டும் நாளேடுகளில் பார்த்திருக்கிறேன்.

துப்புரவுப் பணி பின்னர்த் தொடங்கியது. 2011இல் வெளிவந்த நாளேட்டுச் செய்திகளின்படி அதற்கான செலவு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர். ஆலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கிளேடாங் மலைக்காட்டில் ஒரு குன்றின் உச்சியை வெட்டினர். 11,000 லாரிச் சுமை அளவுக்குக் கதிரியக்கம் கலந்த பொருளைக் குன்றின் வயிற்றில் வைத்து, 20 அடிக்கு மேல் களிமண்ணாலும் கருங்கல்லாலும் மூடினர். இவற்றைத் தவிர 80,000க்கும் மேற்பட்ட எஃகுப் பீப்பாய்களில் இருந்த கழிவையும் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

களிமண் ஏன்? இங்கும் ஓர் அழகிய அறிவியல் உண்டு. தோரான் வாயுவின் அரை ஆயுள் 56 வினாடிகள் மட்டுமே. இறுகிய களிமண்ணுக்குள் அது மெல்ல ஊர்ந்து மேலே வருவதற்குள் தானே அழிந்துவிடும். கருங்கல்லும் மண்ணும் காமாவைத் தடுக்கும். நம் காலடியில் கிடக்கும் மண்ணும் கல்லும்தான் அந்தச் சுவர். கிடைப்பதற்கு அரிய பொருள் எதுவும் தேவைப்படவில்லை. 1982இலேயே அதைக் கட்டியிருக்கலாம். ஊர் மக்கள் நீதிமன்றப் படியேறிப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

பால்மரத்தின் பங்கு

நான் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் சீவினார்; விடியுமுன் நெற்றி விளக்கோடு புறப்பட்டுப் போவார். சில காலம் புல்லுக்கு மருந்து தெளிக்கும் வேலையும் பார்த்தார். கையுறை கிடையாது, முகக்கவசம் கிடையாது. ஒரு பழைய துண்டை மூக்கோடு கட்டிக்கொண்டு முதுகில் தோம்பைச் சுமந்து போனார். அவர் விரல் நகங்கள் நிறம் மாறி உதிர்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் காலத்தில் கையுறை கடைகளில் விற்கத்தான் செய்தது. அந்தக் கையுறை, அம்மா சீவிய பாலிலிருந்து செய்யப்படுவதுதான்.

ரப்பர்க் கன்றுகள் பேராக்கின் கோலகங்சாருக்கு 1877இல் வந்தன. அதன்பின் வந்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் வடித்த பாலுக்கும் கதிர்த்தடுப்புக்கும் தொடர்பு உண்டு என்பதை இப்பொழுதுதான் அறிந்தேன். எக்ஸ்ரே அறையில் அணியும் காப்புடை நெடுங்காலமாகக் காரீயத்தூள் கலந்த ரப்பரால் செய்யப்பட்டது. காரீயத்தைத் தவிர்க்க இப்பொழுது வெள்ளீயம், பிஸ்மத், டங்ஸ்டன் போன்றவற்றைக் கலக்கும் உடைகளும் வந்துள்ளன. கிந்தாவின் வெள்ளீயத்துக்கும் அங்கே இடம் கிடைத்துவிட்டது.

நியூட்ரானுக்கோ ரப்பரே நேரடிக் காவல். ரப்பர் முழுவதும் கரிமமும் ஹைட்ரஜனும்தான். ஒரு கன சென்டிமீட்டர் இயற்கை ரப்பரில் உள்ள ஹைட்ரஜனின் எடை, அதே அளவு தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனின் எடைக்கு ஏறத்தாழச் சமம். தண்ணீர் ஒழுகும், ரப்பர் ஒழுகாது, வளையும், வேண்டிய வடிவில் வெட்டலாம். மலேசிய அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் நெகிழியுடன் சேர்த்த இயற்கை ரப்பரில் போரான் கார்பைடைக் கலந்து, அது நியூட்ரானை எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து 2018இல் ஆய்வுரை வெளியிட்டனர். அதைப் படித்தபோது அம்மாவின் மங்கும் வாளியும் என் கண்முன் வந்தன. தன் வாழ்நாள் முழுவதும் காப்பு எதுவும் இல்லாமல் உழைத்தவரின் கையிலிருந்து சொட்டியது, இன்னொருவருக்குக் காப்பாகும் பொருள்.

பெற்றோர்களுக்குச் சில சொற்கள்

அந்தத் தாயாரைக் குறித்துச் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையின் மருத்துவர் அவரிடம் பொறுமையாக விளக்கியிருக்கிறார். கை எலும்பைப் படமெடுக்கும்போது நோயாளிக்கே கிடைப்பது ஏறத்தாழ 0.001 மில்லிசீவர்ட் அளவு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக ஒருவர் ஓராண்டில் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். பக்கத்தில் நின்றவருக்குச் சிதறி வருவது இன்னும் குறைவு. அஞ்ச வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே அவர் உறங்கினாராம். பெண் குழந்தை; நலமாக இருக்கிறது.

அப்படியென்றால் அந்த அக்கா ஏன் சுவருக்குப் பின்னால் போனார்? அவர் நாள்தோறும் பலருக்குப் படமெடுக்கிறார். சிறிது சிறிதாகச் சேர்ந்துவிடும். அவர் செய்தது சரி. அந்தத் தாயிடம் ஒரு சொல் கேட்காமல் விட்டதுதான் பிழை.

எனவே, பெற்றோர்களே, எக்ஸ்ரே தேவையென்று மருத்துவர் சொன்னால் மறுக்காதீர்கள். கருவுற்றிருந்தால், அல்லது அப்படி ஐயம் இருந்தால், யாரும் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லுங்கள். பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் வேறொருவரை நிற்கச் சொல்லுங்கள். நிற்பவருக்குக் காப்புடை கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நம் தாய்மார்கள் வெள்ளை உடை அணிந்தவரிடம் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். புக்கிட் மேராவின் எண்மரும் எளிய மக்கள்தாம்; அவர்கள் கேட்டார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதிரிலிருந்து காத்துக்கொள்ள மூன்று வழிகள் என்று பாடத்தில் சொல்கிறோம்: நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, தடுப்பை வை. மூன்றாவதைக் கற்பிக்கும்போது கேரம் பலகையை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். ஒரு துண்டு ரப்பரையும் கொண்டு வாருங்கள். பிறகு கிளேடாங் மலையைப் பற்றிச் சொல்லுங்கள்.

மாவுக்கட்டு அவிழ்த்த பிறகு அந்த மாணவனை முதல் வரிசைக்கு அழைத்து, அவன் கேள்விக்கு வகுப்பின் முன்னிலையில் விடை சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மறுபடியும் கையை உயர்த்தினான்.

“டீச்சர், அப்ப அந்த மலைக்கு உள்ள இருக்கிறதை யாரு பார்த்துக்குவாங்க?”

1,400 கோடி ஆண்டு என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். அதைத் திரும்பிப் பார்த்தேன். “நீங்கதான்பா,” என்றேன்.